அடையாற்றில் ஐந்து நாள் பட்டினி

மெட்ராஸ் துறைமுகத்தில் சுங்கத்துக்காரர் என் பெட்டியைத் திறந்ததும் வேறு எதையும் பார்க்கவில்லை. பிஸ்கட் டின்னைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினார்.

"இன்னா இது?"

"பிஸ்கட்."

"ஏன், எங்க ஊர்ல பிஸ்கட் கிடைக்காதா?"

மூடியை நெம்பித் திறந்து, ஒன்றை எடுத்துக் கடித்து, நிதானமாக மென்று, "உப்பு ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொல்லி என்னை அனுப்பிவைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் நான் சண்டை போட வரவில்லை.

அந்த டின் என் தங்கை தனலட்சுமிக்காகக் கொண்டுவந்தது. மலேயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில், கெட்டிப்பால் ஊற்றிய காப்பியில் அந்த உப்பு பிஸ்கட்டை நனைத்து நனைத்துத் தின்றே வளர்ந்தவள். பதினொரு வருடத்துக்கு முன், தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் சண்முகத்துக்குப் பேசி முடித்து, கப்பலேற்றி அனுப்பினோம். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. வருடத்துக்கு மூன்று நான்கு கடிதம் வரும். கடைசியாக வந்தது தந்தி. ரத்தப் புற்றுநோய், உடனே வரவும் என்று இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிறவன். டாக்டர் மாதம் ஒரு தடவை காரில் வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாள் எல்லாம் நான்தான் டாக்டர். மருந்தைக் கலந்து கொடுப்பது இந்த வேலையில் பாதி. அதை விழுங்க வைப்பது மீதிப் பாதி. ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டுகிறவர்களிடம் போய் ரத்தம், கிருமி என்று பாடம் நடத்தினால் மாத்திரை வேலியோரம் விழும். அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பேன். பூச்சி மருந்து குடித்தால் பூச்சிக்கு மயக்கம் வந்து விழுந்துவிடும், மலேரியா மாத்திரை ரத்தத்தைக் கசப்பாக்கிக் கொசுவை விரட்டிவிடும் என்பேன். இதில் உண்மை பாதி, சில சமயம் அதுகூட இராது. ஆனால் தலையாட்டிக்கொண்டே விழுங்கிவிடுவார்கள். இருபது வருடமாக இதில் எனக்கு நிகர் இல்லை என்று ஒரு திமிர்.

துறைமுக வாசலில் மனிதனை மனிதன் இழுக்கிற ரிக்ஷாக்கள் நின்றன. எங்கள் பக்கத்துப் பினாங்கு நகரில் மிதிக்கிற ரிக்ஷாதான் உண்டு. நான் ஏற மாட்டேன் என்று நின்றேன். ரிக்ஷாக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"பாவம் பார்க்குறியா நைனா? நீ ஏறாட்டி நான் இன்னாத்த துன்றது?"

அதற்குள் சண்முகம் வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பேச்சு குறைவு. என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "பஸ் லேட்டு மச்சான். நேரே ஆஸ்பத்திரிக்குப் போவமா? அவ காலையிலேர்ந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அடையாற்றில் பஸ் எங்களை இறக்கிவிட்ட இடத்தில் பெரிய மரங்கள் இருந்தன. ஆற்றுக் காற்றும் உண்டு. புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றால் எப்படி இருக்குமோ என்று நான் பயந்ததற்கு மாறாக, அந்த இடம் அமைதியாகவும் சுத்தமாகவும் இருந்தது.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் தனத்துடையது. முகம் மாத்திரையால் உப்பியிருந்தது. கைகளில் எங்கே தொட்டாலும் நீலமாகக் கன்றிய தடம். தலையில் முடி கொட்டி, முந்தானையால் மூடியிருந்தாள். முப்பத்தொரு வயது. நான் அடையாளம் தெரியாமல் ஒரு நிமிடம் தடுமாறியதை அவள் பார்த்துவிட்டாள்.

"கிழவனாயிட்டே அண்ணே" என்று சிரித்தாள். என் தடுமாற்றத்தை எனக்காகவே மறைத்த சிரிப்பு அது.

டின்னைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "தோட்டத்து வாசனைணே" என்றாள். ஒன்று எடுத்துக்கொள் என்றேன். "வாயெல்லாம் புண்ணு. அப்புறம் சாப்பிடுறேன்" என்று தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெண்ணுக்குத் துணையாக முனியம்மா இருந்தாள். பாலவாக்கத்தில் மீன் விற்கிறவள், நாற்பது வயது இருக்கும். நோயாளி அவள் தங்கை. இரண்டு கட்டிலுக்கும் நடுவே தரையில் பாய் விரித்து, இரண்டு பேரையும் கவனித்துக்கொண்டாள். "கப்பல்லேர்ந்து வந்துக்கினு நேரா இங்கியா? குந்து அண்ணாத்தே" என்று எனக்கும் பாயில் இடம் ஒதுக்கினாள்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. தனம் ஊசி வேண்டாம் என்கிறாள். முதல் சுற்று மருந்தில் வாந்தியும் வாய்ப்புண்ணுமாக இரண்டு வாரம் கிடந்திருக்கிறாள். அடுத்த சுற்றை இந்த வாரமே ஆரம்பித்தால், ரத்தம் தெளிந்து சில காலம் நன்றாக இருக்க வழி உண்டு என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஒரு வருடமாக இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். ஆரம்பிக்காவிட்டால் சில வாரம்தான்.

"போதும்ணே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள் தனம்.

சண்முகம் தலையைக் குனிந்துகொண்டே, "நான் சொன்னா கேக்க மாட்டேங்கா மச்சான். நீங்க மருந்துக்காரரு. நீங்க சொன்னாக் கேப்பா" என்றார்.

இதற்குத்தானே இந்த வேலையில் இருக்கிறேன் என்று நினைத்தேன். அவளை ஊசி போட்டுக்கொள்ள வைக்க வேண்டும். அவள் பிழைப்பதற்கு வேறு வழி இல்லை. ஆனால் விளக்கம் சொல்லச் சரக்கு வேண்டும். மலேரியா எனக்கு அத்துப்படி. இந்த நோய் புதிது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். மயிலாப்பூர்க்கார டாக்டரம்மா ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது, மெல்லிய குரல். நானும் மெடிக்கல் லைன்தான் என்று பெருமையாக அறிமுகம் செய்துகொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "மலேரியா ஸ்லைடு பார்ப்பேளா?" என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன் என்றேன். எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தார்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். அதே நீலச் சாயம்தான். ஆனால் அதில் இருந்தது எனக்குத் தெரிந்த ரத்தம் இல்லை. சிவப்பணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒதுங்கி நிற்க, பெரிய பெரிய நீல உருண்டைகள் இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தன. என் தங்கையின் ரத்தம் அது.

என் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்தது, இதே நோயின் ஒரே ஒரு அணு, மருந்து கொடுத்த பிறகு எடுத்த படம். சாம்பல் நிறத்தில், உள்ளே குமிழ் குமிழாக இருந்தது.

"இது ஒவ்வொண்ணும் ஒரு சின்னப் பை" என்றார். "நம்ம உடம்புல எல்லா செல்லுலேயும் உண்டு. பழசானது, உடைஞ்சது எல்லாத்தையும் உள்ள போட்டுக் கரைச்சு, அதை வெச்சே புதுசு பண்ணிக்கும். ஆகாரம் கிடைக்கலேன்னா இன்னும் ஜாஸ்தி பண்ணும். தன்னையே கொஞ்சம் கொஞ்சமா தின்னுண்டு நாளை ஓட்டும்."

"இந்தக் கெட்ட அணுவுமா?"

"இதுவும்தான். மருந்து பட்டதும் பை இத்தனை ஆயிருக்கு பாருங்கோ."

"அப்போ தன்னைத்தானே தின்னு அழிஞ்சுடும்?"

அவர் படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தார். "தெரியலை சார். அழிஞ்சிண்டு இருக்கா, இல்லே இதைப் பண்ணித்தான் மருந்துக்குத் தப்பிச்சிண்டு இருக்கான்னு இந்தப் படத்தை வெச்சுச் சொல்ல முடியாது. படம் ஒரு க்ஷணம்தானே. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது."

இந்தக் கடைசிப் பேச்சை நான் காதில் வாங்கினேன். வாங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். வார்டுக்கு நடந்து வருகிற வழியில் அதைக் கழற்றி எறிந்துவிட்டேன். வழக்கமாக என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன்.

கட்டிலருகே உட்கார்ந்து, தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "இந்த ஊசி என்ன பண்ணுது தெரியுமா? உன் ரத்தத்துல இருக்கிற கெட்ட அணுவைப் பட்டினி போடுது. பட்டினி கிடந்தா அதுங்க வேற வழியில்லாம தன்னைத்தானே தின்ன ஆரம்பிச்சிடும். தின்னு தின்னு ஒண்ணும் இல்லாம போயிடும். இப்பத்தான் படத்துல என் கண்ணால பார்த்துட்டு வரேன்."

தனம் எழுந்து உட்கார்ந்தாள். "நெசமாவாணே?"

"நெசம்தான்."

"பட்டினி போட்டா செத்துடுமா?"

"செத்துடும்."

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்தத் தெளிவு எனக்கு நன்றாகப் பழக்கம். தோட்டத்தில் எத்தனையோ முகங்களில் அதை வரவழைத்திருக்கிறேன். கட்டிலின் கால்மாட்டில் சண்முகமும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கைகூப்பவில்லை, அவ்வளவுதான் குறை.

மறுநாள் காலை ஊசிக்குக் கையை நீட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை, "எனக்காக வடபழனிக்குப் போயிட்டு வாண்ணே. ஆரம்பிச்சிட்டேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டு வா" என்றாள். ஊசியைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவளுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் சஷ்டிக்கு விரதம் இருந்திருக்கிறாள். ஐப்பசியில் ஆறு நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும். வடபழனியில் சண்முகம்தான் இதையெல்லாம் சொன்னார். கோயிலில் அன்று கல்யாணக் கூட்டம். நான்கு மாப்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பக்கத்தில் ஒருவர் முகத்தில் பாதி அரிதாரத்தோடு, ஷூட்டிங்கிலிருந்து நேராக வந்தவர் போல, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து செருப்பை மாட்டியதும் கூட்டத்தில் யாரோ மிதித்து வார் அறுந்துபோனது. பஸ் டிப்போ வரை வெறுங்காலோடு நடந்தேன். மனம் லேசாக இருந்ததால் அதுகூட உறைக்கவில்லை.

அடுத்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஊர் சுற்றிப் பார்த்தேன். காலையில் சண்முகம் வீட்டில் சமைத்து, டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு போய்த் தனத்திடம் வைத்துவிட்டுக் கடைக்குப் போவார். மாலையில் நான் போய் அவளோடு இருந்துவிட்டு, கேரியரைத் திருப்பி எடுத்து வருவேன். தினமும் கேரியர் காலி. கழுவித் துடைத்து வைத்திருக்கும். அவள் களைத்துத்தான் இருந்தாள், பேச்சும் குறைந்துவிட்டது. ஊசி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை, ஒரு பருக்கை மிச்சமில்லை" என்று ஒரு ராத்திரி சண்முகத்திடம் பெருமையடித்தேன்.

அவர் சிரித்தார். "எல்லாம் நீங்க சொன்னபடிதான் மச்சான் நடக்கு."

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மெஸ்ஸைக் கண்டுபிடித்தேன். தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பொங்கலில் நெய் மிதந்தது. மிளகு பல்லில் படும்போது கண்ணில் நீர் வரும். கத்திரிக்காய் கொத்சுக்காகவே இரண்டாம் தடவையும் பொங்கல் கேட்டேன். பரிமாறுகிறவர், "மலேயாவுல பஞ்சமோ?" என்று கேலி செய்தார். காப்பி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் காப்பி என்றால் கோப்பை நிறையக் கெட்டிப்பாலோடு கறுப்பாக வரும். இங்கே விரல் நீள டம்ளரில் நுரையைக் கொடுக்கிறார்கள். இதைப் பற்றித் தனத்திடம் நீட்டி முழக்கினேன். கொத்சைப் பற்றியும் நெய்யைப் பற்றியும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "இன்னும் சொல்லுண்ணே" என்றாள். நானும் சொன்னேன்.



ஊசி ஆரம்பித்த ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை என்பதால் சண்முகம் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நான் மத்தியானம் பஸ் ஏறினேன். அடையாற்றுப் பாலத்தின் நடுவில் பஸ் ஒரு முனகலோடு நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளு!" என்றார். வெயிலில் ஒரு இருபது பேர் தள்ளினோம். பாலத்தின் மறுமுனை வரை தள்ளியும் வண்டி உயிர் பெறவில்லை. கண்டக்டரிடம் எங்கள் ஊர் பஸ்களின் அருமை பெருமைகளைச் சொல்லிச் சண்டை போட்டுவிட்டு, மிச்ச தூரம் நடந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, வாயில் வசவோடு வார்டுக்குள் நுழைந்தேன்.

தனத்தின் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

குளியலறைக்கு எழுந்து நடந்தவள் வழியில் சுருண்டு விழுந்திருக்கிறாள். முனியம்மாதான் தூக்கி வந்திருக்கிறாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் எடையைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஐந்து நாளில் இவ்வளவு எப்படி இறங்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நானும், தினமும் கேரியர் காலியாகத்தானே வருகிறது என்று குரலை உயர்த்தினேன்.

முனியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து வராந்தாவுக்குக் கொண்டுபோனாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணாத்தே, அத்த நான்தான் துன்னேன்."

"எதை?"

"சோத்த. அஞ்சு நாளா அது ஒரு வாய் வைக்கல. 'எங்க அண்ணன் டாக்டரு, அவரு சொல்லித்தான் விரதம் இருக்கேன், நீ சாப்பிடுக்கா'ன்னு சொல்லிக்கினு என் கைல குடுத்துடும். நானும் பசில கீறவ. டாக்டரு சொன்னா சரியாத்தான் கீதுன்னு துன்னுட்டேன். நீதான சொன்ன?"

நான் சண்முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமா மாப்பிள்ளை?"

"தெரியாம? உங்க தங்கச்சி சொன்னா. பட்டினி போட்டா அதுக தன்னையே தின்னு செத்துரும், அண்ணன் படத்துல பாத்துட்டு வந்துச்சுன்னு. ஆறு நாள் கணக்கு வச்சிருக்கா. நானுந்தான் பக்கத்துல நின்னு கேட்டேனே. நர்ஸம்மா ஏசுமேன்னுதான் கேரியர் கொண்டாந்து வச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குழம்பிப்போய், "நீங்கதான மச்சான் சொன்னிய?" என்றார்.

ஊசி பட்டினி போடும் என்றுதான் சொன்னேன். அவர்கள் அதை ஒரு படி முன்னால் எடுத்துப் போயிருக்கிறார்கள். மருந்து போடுகிற பட்டினியோடு நாமும் சேர்ந்து பட்டினி போட்டால் சீக்கிரம் முடியுமே! பத்து வருடமாக முருகனிடம் பட்டினியை வைத்தே பேரம் பேசியவளுக்கு இதைவிட நேரான வழி வேறு எது தோன்றும்?

டாக்டரம்மா ஞாயிறென்றும் பாராமல் வந்திருந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"பட்டினின்னா அதுக்கு மட்டும் பட்டினி போட முடியாது சார்" என்றார் மெதுவாக. "மொத்த உடம்புக்கும்தான். முதல்ல கரையறது அவா சதை. அதுலேர்ந்து வர்றது ரத்தத்துல கலந்து எல்லாத்துக்கும் போகும். அந்தச் செல்லுக்கும் போகும். இந்த நிலைமையிலே அடுத்த ஊசியைப் போட முடியாது. முதல்ல அவாளைச் சாப்பிட வையுங்கோ."

இது எனக்குத் தெரியாததா? ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்திருந்த காலத்தில் தனம் கைக்குழந்தை. அரிசி கிடைக்காமல், அம்மா மரவள்ளிக்கிழங்கை மென்று அவள் வாயில் ஊட்டுவாள். பட்டினி முதலில் எங்கே கை வைக்கும் என்று அந்தக் குழந்தையின் தொடையைப் பார்த்தே நான் படித்திருக்கிறேன். எல்லாம் தெரிந்த நான்தான் அவளிடம் அதைச் சொன்னேன்.

சண்முகத்தை அனுப்பி, சூடாகப் பால் வாங்கி வரச் சொன்னேன். திரைக்குள் போய் உட்கார்ந்தேன். தனம் விழித்திருந்தாள்.

"இன்னும் ஒரு நாள்தாண்ணே" என்றாள். "நாளைக்கு முடிஞ்சிடும்."

"தனம், சாப்பிடணும்மா."

"ஒரு நாளுக்காகக் கெடுக்கச் சொல்றியா?"

"நான் சொன்னது தப்பு" என்றேன். இருபது வருடத்தில் எந்த நோயாளியிடமும் நான் சொல்லாத வார்த்தை. "ஊசி போட்டுக்கணும்னு சும்மா அப்படிச் சொன்னேன். அது சாகுதா பிழைக்குதான்னு டாக்டருக்கே தெரியாதாம். நீ பட்டினி கிடந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது. உன் உடம்பு கரைஞ்சு, அதைத் தின்னு அது இருக்கும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்போ இந்த அஞ்சு நாளும் அதுக்குப் பட்டினி இல்லையா?" என்று கேட்டாள். "எனக்கு மட்டும்தானா?"

நான் ஆமாம் என்றேன்.

சண்முகம் பாலோடு வந்தார். "டாக்டர் சாப்பிடச் சொல்லிட்டாங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை. அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு தலைமாட்டிலிருந்த டின்னைத் திறந்து, ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாலில் நனைத்து ஊட்டினார். முழு டின், சுங்கத்துக்காரர் தின்ற ஒன்றைத் தவிர. தனம் பாதி பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்காமல் இருந்தாள். "உப்பு எரியுது" என்றாள். ஆனாலும் விழுங்கினாள். எனக்காகத்தான் விழுங்கினாள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அன்று இரவே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். ரத்தம் கொடுக்க நான் படுத்தேன், சண்முகம் படுத்தார், முனியம்மாவின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் பாலவாக்கத்திலிருந்து வந்து படுத்தார்கள். தனம் கஞ்சியும் பாலும் கொடுத்ததைக் கொடுத்தபடி குடித்தாள். உடம்பு அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஊசி ஆரம்பித்த ஒன்பதாம் நாள் விடிகாலையில், ஜன்னல் வழியே காக்கைகள் கத்த ஆரம்பித்த நேரத்தில், போய்விட்டாள். கடைசி நாட்களில் அவள் என்னோடு சாதாரணமாகத்தான் பேசினாள். தோட்டத்தைப் பற்றிக் கேட்டாள். அந்த ஐந்து நாளைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் விடைபெறப் போனேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போய்க் கேட்டுவிட்டேன்: அந்த ஐந்து நாள் இல்லாமலிருந்தால் பிழைத்திருப்பாளா?

"பிழைச்சிருக்கலாம். ஒழுங்கா சாப்பிட்டே இருந்திருந்தாலும் இப்படியே ஆகியிருக்கலாம். எனக்குத் தெரியலை சார்" என்றார். ஆறுதலுக்காக எதையும் சேர்க்கவில்லை. 'தெரியலை' என்று சொல்ல அவருக்கு வருகிறது. எனக்கு அது வராமல்தான் ஒரு உயிர் போனது என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் நாள் வரை தியாகராய நகரில் சண்முகத்தின் ஒற்றை அறையில் இருந்தேன். தெருவெல்லாம் பண்டிகைக்குத் துணி எடுக்கும் கூட்டம். மயிலாப்பூர்ப் பக்கம் நான் மறுபடி போகவில்லை. சண்முகம் பதினாறு நாள் காரியம் வரை கடைக்குப் போகாமல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரிடம் நானும் பேசவில்லை. பேசுவதற்கு எனக்குத்தான் வாய் கூசியது.

துறைமுகம் வரை கூட வந்தார். இந்தத் தடவை கை ரிக்ஷாவில்தான் போனோம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வாசலில் இறங்கியதும், அவர் பையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வீட்டுல இருந்தா பாத்துக்கிட்டே இருப்பேன் மச்சான். கொண்டு போயிருங்க."

வாங்கிக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார். சட்டென்று குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் முதல்முறையாக அவர் உடைந்து அழுவதைப் பார்த்தேன்.

"மன்னிச்சிருங்க மச்சான். நீங்க அவ்வளவு தூரம் கப்பலேறி வந்து வழி சொன்னிய. ஆறு நாள்ல முடிஞ்சிருக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாம, அஞ்சாம் நாளே அந்தப் பிஸ்கட்ட நான்தான் நனைச்சுக் கொடுத்தேன். டாக்டர் சொல்லிட்டாவன்னு கொடுத்துட்டேன். கொடுக்காம இருந்திருந்தா பிழைச்சிருப்பா."

டின்னைக் கீழே வைத்தேன். கப்பல் ஏறச் சொல்லி யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை மாப்பிள்ளை" என்றேன். "நான் சொன்னது பொய். அப்படி ஒரு வழியே கிடையாது. பட்டினி கிடந்ததுதான் தப்பு. நீங்க ஊட்டினது தப்பில்லை. தப்பு என்னுது. ஆறு நாள் இல்லை, அறுபது நாள் இருந்தாலும் அது செத்திருக்காது."

எந்த உவமையும் இல்லாமல், எதையும் மறைக்காமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தார். என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"சரி மச்சான்" என்று தலையாட்டினார். "என் மனசு தேறணும்னு சொல்லுதிய. சரி."

அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். இருபது வருடமாக என் மேஜைக்கு எதிரே நின்று எல்லாரும் அப்படித்தான் ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.